மலைக்கு முன்னால் ஏற்றிய விளக்கு

"கார்த்திகை முடிஞ்சதுல இருந்து உனக்கு என்னடி ஆச்சு? வாயே திறக்க மாட்டேங்கற!" என்று காலை நடையில் நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். நியாயம்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகின தொண்டை இது. கிரிவலப் பாதையில் கால் வைத்தால் செங்கம் ரோடு பிரிகிற இடம் வரைக்கும் ஓயாது. ஆனால் இதை நடந்துகொண்டே சொல்ல முடியாது. மூச்சு வாங்கும், அழுகை வரும், எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று நின்றுவிடுவார்கள். அதனால் எழுதித் தருகிறேன். நம் நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, படித்தால் புரிந்துகொள்வீர்கள்.

என் அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர் என்று சொல்லியிருக்கிறேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விதைக்கிற குடும்பம் எங்களுடையது. வேலைக்கு உத்தரவு வரும் வரை அப்பா கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் அவர் வேலையை ஒருத்தரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "லைட்டு ஆபீஸ்ல இருக்கான்" என்பார்கள். ஒருமுறை லீவுக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் வீடு தேடி வந்து, "எங்க தெருக் கம்பத்துல பல்பு எரியல, நீ ஒரு வார்த்தை சொல்லி மாத்தச் சொல்லு" என்றார். அப்பா சிரிக்காமல், "சொல்றேங்க" என்றார். அப்பா அப்படித்தான். யாரையும் திருத்த மாட்டார். நான் இதற்கு நேர் எதிர், யாராவது தப்பாகச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாங்கள் ஒரு துறைமுகப் பட்டணத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் கட்டின கல் கோபுரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். அடியிலேயே சுற்றுச்சுவருக்குள் மூன்று குவார்ட்டர்ஸ் வீடுகள். ஒன்றில் ஹெட் கீப்பர், ஒன்றில் நாங்கள், கடைசி வீட்டில் அசிஸ்டன்ட் மாமா. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தக் கடற்கரையிலேயே பிறந்தவர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை தொங்கும். அப்பாவை "சார்" என்பார், அம்மாவை "அக்கா" என்பார், என்னைப் "பாப்பா" என்பார்.

கோபுரத்துக்குள் நூற்றுப் பதினெட்டு இரும்புப் படிகள். உள்ளே எப்போதும் அரை இருட்டு. மண்ணெண்ணெய், பித்தளைக்குப் போடும் பாலிஷ், உப்புக் காற்று மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. அந்த வாசனை அப்பாவின் சட்டையிலும் இருக்கும், துவைத்தாலும் போகாது. உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடு. அடுக்கடுக்காகப் பட்டை தீட்டின கண்ணாடிகள். அவ்வளவு கனமும் ஒரு தொட்டிப் பாதரசத்தில் மிதந்தது. நான் ஒற்றை விரலால் தள்ளினால் மெல்லச் சுற்றும், அம்மாடி, எனக்கு என்ன பெருமை! பகல் முழுக்க அதைச் சுற்றி வெள்ளைத் திரை போட்டு வைத்திருப்பார்கள். திறந்து வைத்தால் வெயில் அந்தக் கண்ணாடிகளில் புகுந்து எதிலாவது தீ வைத்துவிடும் என்று அப்பா சொல்வார்.

உடைந்துபோன பழைய கண்ணாடியிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். ஓரங்களை அவரே கல்லில் தேய்த்து மழுக்கித் தந்தார். காலை வெயிலில் பிடித்தால் சமையலறைச் சுவரில் ஏழு நிறமும் விழும். அம்மா சாம்பார் கிண்டுகிற கையில் அந்த நிறத்தை விழ வைத்து, "மருதாணி, மருதாணி" என்று கத்துவேன்.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதத்திலும் ஒன்று ஆறாம் மாதத்திலும் போய்விட்டன. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் ஒரே பிள்ளையாக இருப்பவளுக்குச் சுவரைத் தாண்டியும் காது கேட்கும். இந்த முறை ஏழாம் மாதம் தொட்டாயிற்று. அம்மா சின்னச் சின்னச் சட்டைகள் தைத்தாள். பழைய வேட்டித் துணி, மெத்தென்று இருக்கும். தைத்ததை யார் கண்ணிலும் படாமல் தலையணை உறைக்குள் வைப்பாள். எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வந்துவிட்டால் போதும் என்று நான் வேண்டாத சாமியில்லை. அசிஸ்டன்ட் மாமாவின் மாதாவையும் விடவில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரியும். அதைப் பார்த்து அரோகரா போட்ட பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம், விரதத்தை முடிப்போம். மலைக்கு முன்னால் நம் வீட்டில் திரி எரியக்கூடாது. பட்டணத்தில் மலை ஏது? அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். துறைமுகப் பணிமனையில் ஆறு மணிக்குச் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் மேற்குப் பக்கம் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அகலை ஏற்றுவாள்.

ஆனால் கலங்கரை விளக்கு சங்குக்காகக் காத்திராது. சூரியன் மறைந்ததும் எரிந்தாக வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு மறைகிறது என்று அச்சடித்த அட்டை ஒன்று அப்பாவின் மேசைக்கு மேல் தொங்கும். கார்த்திகை மாதத்தில் ஐந்து நாற்பது, நாற்பத்தொன்று என்று வரும். அதாவது தீபத்தன்று, மலைக்கு இருபது நிமிஷம் முன்னால், திருவண்ணாமலைக்காரர் கையால் அவ்வளவு பெரிய விளக்கு எரியும். முன்பெல்லாம் அம்மா இதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த வருஷம்தான், ஏன் தன் குழந்தைகள் தங்கவில்லை என்று யோசித்து யோசித்து, இதில் வந்து நின்றுவிட்டாள்.

தீபத்துக்கு முந்தின நாள், அப்பா காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தோசையைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏங்க, நாளைக்கு மட்டும் ஆறு மணிக்கு ஏத்துங்களேன்."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. மேல இருக்கறதைத்தான்."

"அது சர்க்கார் விளக்கு. நம்ம வீட்டு விளக்கா?"

"யார் விளக்கா இருந்தா என்ன? ஏத்தற கை நம்ம கைதானே? இந்த ஒரு வருஷம்தாங்க கேக்கறேன். இருபது நிமிஷம்."

அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். "வெளியில கட்டுமரம் ஜாஸ்தி போயிருக்கு. மழை மேகம் வேற. அவனுங்களுக்கு இருபது நிமிஷம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அப்ப அசிஸ்டன்ட் தம்பியை ஏத்தச் சொல்லுங்க. அவருக்கு மலையும் இல்ல, விரதமும் இல்ல."

"நாளைக்கு என் டூட்டி. ஹெட் கீப்பர் லீவுல ஊருக்குப் போயிருக்கார். அவர் எழுதிக் குடுக்காம டூட்டி மாத்த முடியாது. மாத்தினா மெமோ வரும். போதும், விடு."

கல்லில் தோசை தீய்ந்தது. அப்பா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இருபது நிமிஷம்! என் தம்பியைவிட அந்தக் கட்டுமரம் பெரிதா?

மறுநாள் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதியம் அவல் பொரி உருண்டை பிடித்தாள், பாகு வாசனை வீடெல்லாம். ஐந்து மணிக்கு அப்பா தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு மேலே போனார். அரை மணி முன்னதாகப் போய்த் திரையை விலக்கி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கினால்தான் அந்த விளக்கு சரியாகப் பிடிக்கும், நம் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார்களே, அதைப்போல. சற்று நேரம் கழித்து அம்மா, "நீ இங்கயே இருந்து அகலுக்கெல்லாம் எண்ணெய் ஊத்து. சிந்தாம ஊத்து" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து ஊற்றினேன். சிந்தினேன் என்பது வேறு விஷயம்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது மேலே வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. வீட்டுக்குள் ஓடிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பத்திரண்டு. ஏற்றிவிட்டார்! அம்மா சொல்லியும் ஏற்றிவிட்டார்!

அம்மா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கோபத்தில் வாங்குகிறது என்று நினைத்தேன். "அம்மா, அப்பா ஏத்திட்டாரும்மா" என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். சங்கு ஊதியது. மேற்கே பார்த்துக் கும்பிட்டாள், அகல்களை ஏற்றினாள். அப்பா சாப்பிட இறங்கி வந்தபோது முதல் பொரி உருண்டையை அவர் கையில் கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்தில் என் உருண்டையை முற்றத்து இருட்டில் வீசிவிட்டேன்.

நாலாம் நாள் அம்மாவுக்கு வலி கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தம்பிதான். அழவில்லை. ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், நான் ஒரு காலை மட்டும் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவுக்குப் பாதம், ஐந்து விரலும் இருந்தது.

செய்தி போய், ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா, வாயில் வந்ததைப் பேசுகிறவள். அம்மாவின் கட்டிலருகே நின்று, அடுத்த கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "இன்னா பண்ணித் தொலைச்ச? எதையாவது தூக்கனியா? எங்கியாவது ஏறுனியா? மூணாவதும் போச்சே!" என்று கேட்டாள். அம்மா அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நான் ஒண்ணும் பண்ணல. இவர்தான் மலைக்கு முன்னாடி விளக்கேத்திட்டார்" என்றாள்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "நெசமாடா?"

அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். "ஆமாக்கா. ஏத்திட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். அத்தை அன்றைக்கு அவரை ஏசின ஏச்சு ஊர் வரைக்கும் போயிற்று. கீழ்பென்னாத்தூரில் பல வருஷம் அது பேச்சாக இருந்தது. "பெத்த புள்ளையை விட அவனுக்கு டூட்டி பெருசு" என்பார்கள். அப்பா யார் சொன்னதையும் மறுக்கவில்லை. தெருவிளக்குக்குத் தலையாட்டினதுபோல இதற்கும் பேசாமல் இருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துப்போய் அலைதடுப்புக் கல் மேல் ஏறிக் கடலில் வீசினேன். அப்பா வராந்தாவிலிருந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் பதிலுக்குக் கேட்க என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பாவோடு நான் தேவைக்கு மட்டுமே பேசினேன். கேட்டால் பதில், அதுவும் ஒரு வார்த்தை. வயதானால் குழந்தைக் கோபம் தேய்ந்துவிடும் என்பார்கள். எனக்குத் தேயவில்லை, பழகிப்போயிற்று. எனக்குக் கல்யாணமாகி வேலூருக்குப் போனேன். அப்பா ஒவ்வொரு ஊர் விளக்காக மாற்றலாகிப் போய், ரிட்டையராகி, இந்த ஊரில் வீடு கட்டி அம்மாவோடு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போன் செய்வேன். அவர்தான் எடுப்பார். "நல்லா இருக்கியாம்மா?" "இருக்கேன். அம்மாகிட்ட குடுங்க." எத்தனை வருஷம்! மாற்றி ஒரு வார்த்தை நான் பேசினதில்லை.

இந்தப் பங்குனியில் அப்பா போனார். அம்மாவின் தெருக்காரர்கள் என்று கருமாதிக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். தெருவில் பந்தலுக்குக் கீழே ஒரு வயதானவர், வெள்ளைச் சட்டை, கைத்தடியோடு தனியாக உட்கார்ந்திருந்தாரே, கவனித்தீர்களோ என்னவோ. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பாப்பா, என்னைத் தெரியுதா?" என்றார். கழுத்துச் சிலுவையைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. அசிஸ்டன்ட் மாமா! எண்பது வயதில் தனியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனவர், "சாருக்கு மனசு தங்கம். அக்காவுக்காக அன்னைக்கு ரூலை மீறினாரே" என்றார்.

"எந்த ரூல், மாமா?"

"தீபத்தன்னைக்கு. மதியமே எங்கிட்ட வந்துட்டாரு. தம்பி, விளக்கு நேரத்துக்கு எரியணும், ஆனா என் கை படக்கூடாது, நீ ஏத்துன்னாரு. நான்தான் ஏத்தினேன், பாப்பா. ஸ்பிரிட்டுக்கும் நான்தான் குச்சி கிழிச்சேன். அவரு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னாரு. ரெஜிஸ்டர்ல மட்டும் அவர் கையெழுத்து."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "இதை ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"கையெழுத்து பொய்யில்ல? வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் மெமோ. கொழந்தை பொறந்ததும் அக்காகிட்ட சொல்லிக்கறேன்னாரு. அப்புறம்..." அவர் காபியைக் கீழே வைத்தார். "அப்புறம் நானே போய்ச் சொல்றேன்னேன். வேணாம்ப்பா, என் மேலயே இருக்கட்டும்னுட்டாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

அன்றிலிருந்து எட்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலூர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவோடு இருக்க இங்கே வந்துவிட்டேன். எண்பத்து மூன்று வயதுக்காரியிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால், செய்யாத தப்புக்குப் புருஷனைப் பழித்தோமே என்று நெஞ்சு வெடித்துவிடும். அவரும் இல்லை, மன்னிப்புக் கேட்க. சொல்லாவிட்டால் அப்பா அப்படியே கெட்ட பெயரோடு போய்விடுவார். இட்லிக்கு மாவு அரைக்கும்போதும் இதே யோசனை.

கார்த்திகை வந்தது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகவில்லை என்பதால் எங்கள் வீட்டில் அகல் இல்லை. மலையைப் பார்க்கத் தடை இல்லையே என்று அம்மாவைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். சுற்றியிருந்த மாடிகளெல்லாம் ஜனம். ஆறு மணிக்கு மலையில் தீபம் தெரிந்தது. ஊரே ஒரே குரலில் அரோகரா போட்டது. பக்கத்து வீட்டு மாடியில் வரிசையாக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. எனக்கு அடக்க முடியவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்டி" என்றாள்.

"தெரியுமா?"

"உன்னை எண்ணெய் ஊத்தச் சொல்லிட்டு மேல ஏறிப் போனேன். கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்னு. கதவு இடுக்குல பார்த்தா, குச்சி அந்தத் தம்பி கையில. இவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறார். சத்தம் போடாம திரும்பிட்டேன். இரும்புப் படியாச்சே, அவருக்குக் கேக்காம இருக்குமா? நான் இறங்கறப்ப மேல இருந்து டார்ச் அடிச்சுக்கிட்டே இருந்தார், படி தெரியட்டும்னு. பேர் சொல்லிக்கூடக் கூப்பிடல."

"ஏழாம் மாசத்துல அவ்வளவு படியா?"

"ஏறினேன். அதான் உங்க அத்தை கேட்டப்ப எனக்கு உசுரே போச்சு. ஏறினேன்னு சொல்லியிருந்தா என்னை என்ன பண்ணியிருப்பாங்க? மூணாவது வேற. வாயில வந்ததைச் சொல்லி அவர் மேல போட்டேன். மறுப்பார்னு நினைச்சேன். ஆமான்னுட்டார்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவே தொடர்ந்தாள். "வீட்டுக்கு வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். விடு, யார் மேல இருந்தா என்னன்னார். எங்களுக்குள்ள அது அன்னைக்கே முடிஞ்சு போச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எத்தனையோ தடவை வாயெடுத்தேன். உங்கப்பாதான், கொழந்தைக்கு நீ வேணும், உன் மேல அவளுக்குக் கோவம் வரக்கூடாது, எங்கிட்ட பேசலன்னா பரவால்லன்னுட்டார். நானும் பயந்துட்டேன்டி. தப்புதான்." அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீ வளந்த பொண்ணு, படிச்சவ, ரெண்டு பிள்ளை பெத்தவ. ஒரு நாளாவது அவர்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள்தான் சொல்லுங்களேன். எல்லாரையும் திருத்துகிறவள் நான்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணுவியே, என்கிட்ட குடுத்துட்டு அவர் எங்கியும் போக மாட்டார். ஸ்பீக்கரைப் போடு, ஸ்பீக்கரைப் போடுன்னு கையைக் காட்டுவார். நீ பேசி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பார்."